நாலு மணி நேரக் கனவு... ரெண்டு மணி நேரத்தில் "டெஸ்ட்"!

மாரத்தானுக்கு முன்னால் பாதி தூரம் ஓடி "அளந்து பார்க்கும்" ஆபீஸ்காரர்கள், கடைக்காரர்கள்

மெரினா கடற்கரைச் சாலையில் அதிகாலை 5 மணிக்கு ஒரு கூட்டம் ஓடுகிறது. பின்னால் போலீசும் துரத்தவில்லை. முன்னால் பஸ்சும் போகவில்லை. எல்லாம் மாரத்தான் பயிற்சி!

இவர்களில் பதக்கம் வாங்கும் வீரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற எல்லோரும் நம்மைப் போன்றவர்கள்தான். பாங்கி ஊழியர், பள்ளிக்கூட ஆசிரியை, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், மருந்துக்கடை முதலாளி. ஓடி முடித்து, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு 9 மணிக்கெல்லாம் வேலையில் நிற்க வேண்டியவர்கள்.

"எத்தனை மணி நேரத்துல முடிப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் வாயில் முதலில் வரும் பதில், "நாலு மணி!"

ஏன் நாலு மணி? ரவுண்டான கணக்கு. சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. ஆபீசில் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் உடம்பு ரவுண்டான கணக்குக்குக் கட்டுப்படுமா? அதைப் பார்க்கத்தான் ஒரு "டெஸ்ட்" இருக்கிறது. அதன் பெயர் அரை மாரத்தான்!

42.195 வந்த கதை

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோ மீட்டர். அது என்ன 195 மீட்டர் சில்லறை?

1896-ம் ஆண்டு ஏதென்சில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது தூரம் ஏறத்தாழ 40 கிலோ மீட்டர்தான். 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் ஓட்டத்தைத் தொடங்கி, ஸ்டேடியத்தில் ராஜ குடும்பத்தார் உட்கார்ந்த இடத்துக்கு எதிரில் முடித்தார்கள். அளந்தபோது 26 மைல் 385 கெஜம் வந்தது. அதையே 1921-ல் உலகம் முழுவதற்கும் நிலையான தூரமாக ஆக்கிவிட்டார்கள்.

ராஜ குடும்பத்துக்காகச் சேர்ந்த அந்தச் சில்லறை தூரத்தையும் சேர்த்து நம் குமாஸ்தாவும் இன்று ஓடியாக வேண்டும்!

இதில் சரிபாதி 21.0975 கிலோ மீட்டர். இதுதான் அரை மாரத்தான்.

டெல்லி அரை மாரத்தான் 2005-ல் தொடங்கியது. மும்பை மாரத்தான் 2004-ல் தொடங்கியது; ஜனவரியில் நடக்கிறது. சென்னை மாரத்தானும் ஜனவரியில்தான். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கே அரை மாரத்தான் நடந்தாலும், தை மாதத்துப் பெரிய ஓட்டத்துக்குத் தயாராகும் கூட்டம் அங்கே போய் நிற்கிறது.

ஏன் பாதி தூரம்?

முழு தூரத்தையே ஒரு தடவை ஓடிப் பார்த்துவிட்டால் என்ன?

அங்கேதான் சிக்கல். 42 கிலோ மீட்டரை முழு வேகத்தில் ஓடினால் கால் தசைகள் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். டெஸ்ட் வைத்ததாலேயே பரீட்சை எழுத முடியாமல் போய்விடும்.

அரை மாரத்தான் அப்படி இல்லை. உடம்பைச் சோதிக்கும் அளவுக்கு நீளம். அடுத்த வாரமே மறுபடி பயிற்சிக்கு வரும் அளவுக்குச் சின்னது. அதனால்தான் பெரிய ஓட்டத்துக்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன்னால் இதை ஓடுகிறார்கள்.

தனியாக ஓடிப் பார்த்தால் போதாதா? போதாது. தனியாக ஓடும்போது மூச்சு வாங்கினால் நின்றுவிடுவோம். டீக்கடை வாசனை வந்தால் திரும்பிவிடுவோம். பந்தயத்தில் நெஞ்சில் நம்பர், பக்கத்தில் ஆயிரம் பேர். அங்கே வருவதுதான் அசல் வேகம்.

அமெரிக்க என்ஜினீயரின் கணக்கு

சரி, பாதி தூரத்தின் நேரம் தெரிந்துவிட்டது. முழு தூரத்துக்கு எத்தனை மணி?

"ரெண்டால் பெருக்கு" என்பார் அவசரக்காரர். தப்பு!

தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஏனென்றால் போகப் போக வேகம் குறையும். எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டவர் பீட்டர் ரீகல் என்ற அமெரிக்க என்ஜினீயர். அவரும் ஓட்டப் பிரியர். 1977-ல் ஓட்டக்காரர்களுக்கான பத்திரிகை ஒன்றில் தன் சூத்திரத்தை எழுதினார். 1981-ல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் விரிவாக எழுதினார்.

அவர் கணக்குப்படி, அரை மாரத்தான் நேரத்தை 2.085-ஆல் பெருக்கினால் முழு மாரத்தான் நேரம் வரும்.

1 மணி 45 நிமிடத்தில் அரை தூரம் ஓடியவருக்கு முழு தூரம் சுமார் 3 மணி 39 நிமிடம்.

2 மணி நேரத்தில் ஓடியவருக்கு 4 மணி 10 நிமிடம்.

2 மணி 15 நிமிடத்தில் ஓடியவருக்கு சுமார் 4 மணி 41 நிமிடம்.

2½ மணி நேரத்தில் ஓடியவருக்கு சுமார் 5 மணி 13 நிமிடம்.

10 கிலோ மீட்டர் மட்டும் ஓடியவர்களுக்கும் கணக்கு உண்டு. அந்த நேரத்தை 4.6-ஆல் பெருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 10 கிலோ மீட்டர் ஓடியவருக்கு 4 மணி 36 நிமிடம் வரும்.

இன்று கைக்கடிகாரங்களும் செல்போன்களும் காட்டும் பல கணக்குகளுக்கு மூலம் இந்த மாதிரி சூத்திரங்கள்தான்.

கணக்கில் ஓர் ஓட்டை

இத்துடன் முடிந்தால் நல்லதுதான். ஆனால் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது.

2016-ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. பொழுதுபோக்காக ஓடுகிறவர்கள் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பந்தய நேரங்களை எடுத்து அலசிப் பார்த்தார்கள். அரை மாரத்தான் வரைக்கும் ரீகல் சூத்திரம் நன்றாகப் பொருந்தியது. முழு மாரத்தானில் கவிழ்ந்துவிட்டது!

சூத்திரம் சொன்ன நேரம், பாதிப் பேருக்கு 10 நிமிடத்துக்கும் மேல் குறைவாக இருந்தது. அதாவது 4 மணி 10 நிமிடம் என்று சூத்திரம் சொன்னால், 4 மணி 20 நிமிடத்துக்குப் பிறகுதான் அவர்களால் வர முடியும்.

காரணம் என்ன? வாரம் முழுவதும் நூறு, நூற்றைம்பது கிலோ மீட்டர் ஓடும் வீரர்களின் உடம்பு வேறு. வாரத்துக்கு நாலு நாள், அதுவும் மழை இல்லாவிட்டால் ஓடும் குமாஸ்தாவின் உடம்பு வேறு. வாரத்துக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடுகிறார் என்பதையும் கணக்கில் சேர்த்தால்தான் விடை சரியாக வருகிறது என்று அந்த ஆராய்ச்சியில் தெரியவந்தது.

21 கிலோ மீட்டரை மூச்சைப் பிடித்து ஓடிவிடலாம். 42 கிலோ மீட்டருக்கு மூச்சு மட்டும் போதாது. சரக்கு வேண்டும்!

30-வது கிலோ மீட்டரில் "சுவர்"

அது என்ன சரக்கு? நாம் சாப்பிடும் சோறு, இட்லி, ரொட்டி எல்லாம் மாவுச்சத்து. அதில் ஒரு பங்கை உடம்பு தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கிறது. வேகமாக ஓடும்போது அது சீக்கிரம் கரையும். சுமார் 30 கிலோ மீட்டர் வரும்போது பலருக்குக் கையிருப்பு தீர்ந்துபோகும்.

அப்புறம் கொழுப்பை எரித்துத்தான் ஓட வேண்டும். அது மெதுவாகத்தான் எரியும். கால் கல்லாகக் கனக்கும். ஓடியவர் நடப்பார். நடந்தவர் பிளாட்பாரத்தில் உட்காருவார். இதைத்தான் "சுவரில் மோதுவது" என்கிறார்கள்.

அரை மாரத்தான் 21 கிலோ மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. இந்தச் சுவரை அது காட்டவே காட்டாது. டெஸ்ட்டில் வராத கேள்வி, பரீட்சையில் வரும்!

20 நிமிட நஷ்டம்

கடைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி லாப நஷ்டக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

புரசைவாக்கத்தில் ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்வோம். அரை மாரத்தானை 2 மணி நேரத்தில் ஓடிவிட்டார். ஒரு கிலோ மீட்டருக்கு 5 நிமிடம் 41 வினாடி. "அப்போ முழுசா ஓடினா நாலு மணி!" என்று துள்ளுகிறார்.

ஜனவரியில் அதே 5 நிமிடம் 41 வினாடி வேகத்தில் கிளம்புகிறார். பாதி தூரத்தை 2 மணியில் கடக்கிறார். அதாவது, முன்பு உயிரைக் கொடுத்து ஓடிய அதே ஓட்டத்தை ஓடி முடித்துவிட்டார். இன்னும் அதே அளவு தூரம் பாக்கி!

30-வது கிலோ மீட்டர் வரை எப்படியோ இழுத்துப் பிடிக்கிறார். அப்போது 2 மணி 51 நிமிடம். அங்கே சுவர். மீதி 12 கிலோ மீட்டர் சொச்சத்தை நடையும் ஓட்டமுமாக, கிலோ மீட்டருக்கு 9 நிமிடம் என்று தள்ளுகிறார். முடிவில் 4 மணி 40 நிமிடம்.

இவரே அடக்கமாக, முதலில் இருந்தே கிலோ மீட்டருக்கு 6 நிமிடம் 10 வினாடி என்று ஓடி இருந்தால்? 4 மணி 20 நிமிடத்தில் முடித்து இருப்பார்.

10 வினாடி, 20 வினாடி என்று ஆசைப்பட்டதில் 20 நிமிடம் நஷ்டம். கால் வலி தனி. வீட்டில் ஏச்சு தனி.

சுத்த வீரர்களின் வேகத்தோடு நம்மை ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஆபத்து. 1978-ல் ஜலந்தரில் இந்திய வீரர் ஷிவ்நாத் சிங் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார். பல பத்தாண்டுகள் அது இந்திய சாதனையாக நின்றது. கிலோ மீட்டருக்கு 3 நிமிடம் 8 வினாடி! 42 கிலோ மீட்டரும் அதே வேகம். நம்மில் பலரால் ஒரு தெருக்கோடி வரைகூட அந்த வேகத்தில் ஓட முடியாது.

சென்னைப் புழுக்கம்

இன்னொரு விஷயம். எந்த ஊரில், எந்தக் காலநிலையில் டெஸ்ட் வைத்தோம் என்பதும் முக்கியம்.

மழை நின்ற மறுநாள் காலையில், ஜிலுஜிலு காற்றில் ஓடிய நேரம் ஒன்று. புழுக்கத்தில் ஓடிய நேரம் வேறு. டெல்லியின் வறண்ட காற்றில் நல்ல நேரம் வாங்கியவர், அதே நேரத்தைக் கடலோர நகரங்களான மும்பையிலும் சென்னையிலும் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்.

காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. இருதயம் கூடுதலாக அடிக்க வேண்டும். இதில் மெதுவாக ஓடுகிறவருக்குத்தான் நஷ்டம் அதிகம். வேகமாக ஓடுகிறவர் வெயில் ஏறுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். 5 மணி நேரம் ஓடுகிறவர், அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினாலும் 9 மணி வெயிலில்தான் கடைசி கிலோ மீட்டர்களை ஓட வேண்டும்.

டெஸ்ட் ஓட்டம் 2½ மணி நேரத்தில், வெயில் வருமுன் முடிந்துவிடும். அந்த வெயிலுக்கும் சேர்த்துக் கொஞ்சம் நிமிடங்களைக் கூட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

தண்ணீரும் ஆபத்து!

"வெயில்னா நிறைய தண்ணி குடிச்சா போச்சு" என்பது பலருடைய எண்ணம். அதிலும் ஆபத்து உண்டு.

2002-ல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. 100-க்கு 13 பேருக்கு ரத்தத்தில் உப்பு அளவு குறைந்து இருந்தது. மிதமிஞ்சி நீர் குடித்து, ஓட்டம் முடிந்தபோது எடை கூடி இருந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. 4 மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

உப்பு ரொம்பவும் குறைந்தால் மூளை வீங்கும். வலிப்பு வரும். உயிரே போகலாம்.

அதனால்தான் அரை மாரத்தானில் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் போதாது என்கிறார்கள் அனுபவசாலிகள். எந்த இடத்தில் எவ்வளவு குடித்தோம், என்ன சாப்பிட்டோம், வயிறு கேட்டதா, செருப்புக்கடி மாதிரி ஷூ கடித்ததா, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தாகத்துக்குக் குடிக்க வேண்டும். பந்தயத்துக்காகக் குடிக்கக்கூடாது. புது ஷூவைப் போட்டுக்கொண்டு பெரிய ஓட்டத்துக்குப் போகவே கூடாது.

நெஞ்சு வலி, தலைசுற்றல், கண் இருட்டு ஆகியவை வந்தால் சூத்திரம், சான்றிதழ் எல்லாவற்றையும் மறந்துவிட்டு உடனே நின்றுவிட வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் டாக்டரைப் பார்க்காமல் ஓடக்கூடாது.

ரெயிலில் போன வீராங்கனை!

பாதி தூர ஓட்டத்துக்கும், பழைய நேரத்துக்கும் இன்னொரு மதிப்பும் உண்டு. பெரிய பந்தயங்களில் முன் வரிசையில் நிற்கப் பழைய நேரச் சான்றிதழ் கேட்கிறார்கள். பாஸ்டன் போன்ற இடங்களில் தகுதி நேரம் இல்லாமல் சாதாரணமாக இடமே கிடைக்காது.

சான்றிதழுக்கு மதிப்பு வந்தால் மோசடியும் வரும் அல்லவா?

1980-ம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ரோசி ரூயிஸ் என்ற பெண் முதலாவதாக வந்தார். மாலை போட்டார்கள். ஆனால் அவருக்கு வியர்வையே பெரிதாக இல்லை! விசாரித்தபோது, கூட்டத்துக்குள் இருந்து கடைசி ஒரு மைலுக்குள் நுழைந்து ஓடியது அம்பலமானது.

அதைவிட வேடிக்கை, அவர் பாஸ்டனில் ஓடத் தகுதி வாங்கியது 1979 நியூயார்க் மாரத்தான் நேரத்தைக் காட்டி. அந்த ஓட்டத்தின் நடுவே அவர் சுரங்க ரெயிலில் வந்தார் என்று ஒரு பெண் சாட்சி சொன்னார்! பட்டம் பறிக்கப்பட்டது. கனடா நாட்டு வீராங்கனை ஜாக்குலின் காரோதான் உண்மையான வெற்றியாளர் என்று அறிவித்தார்கள்.

இப்போது ஓடுகிறவரின் நம்பர் சீட்டில் "சிப்" ஒட்டி இருக்கிறது. வழியில் விரித்து இருக்கும் பாயை மிதித்தால் நேரம் பதிவாகும். நடுவில் ஒரு பாயை மிதிக்காமல் விட்டாலும் குட்டு உடைந்துவிடும்.

ஆள் மாறாட்டம் கூடாது

ஆனாலும் ஒரு பழக்கம் இருக்கிறது. "எனக்கு வர முடியல, என் நம்பரை மாட்டிக்கிட்டு நீ ஓடு" என்று நண்பனிடம் கொடுப்பது. நண்பனுக்கு ஓசி ஓட்டம். இவருக்கு ஓசி சான்றிதழ்!

விளையாட்டாகத் தோன்றும். ஆனால் பந்தயக்காரர்களிடம் அந்த நம்பருக்கு உரியவரின் பெயர், ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் நம்பர் எல்லாம் பதிவாகி இருக்கும். ஓடுகிறவர் மயங்கி விழுந்தால் ஆம்புலன்சில் ஏற்றுகிறவர்கள் அந்த நம்பரைத்தான் பார்ப்பார்கள். வீட்டில் தூங்கிக்கொண்டு இருப்பவரின் மனைவிக்கு, "உங்க வீட்டுக்காரர் விழுந்துட்டார்" என்று போன் போகும். விழுந்தவரின் வீட்டுக்குத் தகவலே போகாது!

அந்தச் சான்றிதழை வைத்து முன் வரிசையில் நிற்பவருக்கும் கதி மோசம்தான். நண்பனின் வேகத்தைத் தன் வேகம் என்று நம்பிக் கிளம்பினால், 10-வது கிலோ மீட்டரிலேயே நாக்குத் தள்ளும்.

எப்படி டெஸ்ட் வைப்பது?

ஓட்டக்காரர்கள் கடைப்பிடிக்கும் வழி இதுதான்.

பெரிய ஓட்டத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்னால் ஓர் அரை மாரத்தான். அதற்கு முன் இரண்டு மூன்று நாள் ஓய்வு. உடுப்பு, ஷூ, சாப்பாடு எல்லாம் ஜனவரியில் எப்படியோ அப்படியே.

முதல் 5 கிலோ மீட்டரில் அடக்கம். கடைசி 5 கிலோ மீட்டரில் உள்ள தெம்பு அத்தனையும். முதல் பாதியைவிட இரண்டாவது பாதி ரொம்ப மெதுவாகிவிட்டால், அப்போதே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று அர்த்தம்.

வந்த நேரத்தை 2.085-ஆல் பெருக்க வேண்டும். அதோடு குறைந்தது 10 நிமிடம் கூட்ட வேண்டும். வாரத்துக்கு 40 கிலோ மீட்டர்கூட ஓடாதவர், 30 கிலோ மீட்டர் நீள ஓட்டம் ஒன்றாவது ஓடாதவர், இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். புழுக்கம் என்றால் அதற்கு மேலும்.

2 மணி நேரத்தில் அரை மாரத்தான் ஓடியவருக்கு விடை 4 மணி 20 நிமிடம், 4½ மணி என்று வரும். "நாலு மணி" போய்விட்டதே என்று முகம் தொங்கிப்போகலாம்.

ஆனால் ஒரு விஷயம். 4½ மணி என்று கிளம்பியவர் 32-வது கிலோ மீட்டரில் தெம்பாக இருந்தால், மீதி 10 கிலோ மீட்டரில் வேகத்தைக் கூட்டலாம். யாரும் தடுக்கப் போவது இல்லை. நாலு மணி என்று கிளம்பி 32-வது கிலோ மீட்டரில் உட்கார்ந்தவரை, எந்தச் சூத்திரமும் தூக்கிவிடாது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அரை மாரத்தான், ஆழம் பார்க்கும் கோல். கோல் காட்டும் அளவை நம்புகிறவர் தானே நடந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போவார். நம்பாதவரை ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும்!